ஜமீலா டீச்சரின் கேள்விப் பை

செய்தி வந்தபோது என் கையில் பிரம்பு இருந்தது. எதிரே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கூடப் படிக்கிறவனின் முன்பல்லை உடைத்துவிட்டு வந்தவன். மூன்று அடி கொடுத்துவிட்டு நான்காவதுக்கு ஓங்கியபோது, அரூர் பஸ்ஸில் வந்து இறங்கிய எங்கள் பழைய பள்ளிப் பியூன் கோவிந்தன் மூச்சு வாங்க மைதானத்தைக் கடந்து வந்தார். "தையல் டீச்சர் போயிட்டாங்க மாஸ்டர். மஞ்சள் காமாலை. ஜும்மா தொழுகை முடிஞ்சதும் அடக்கமுங்க" என்றார். ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. பையனை வகுப்புக்குப் போகச் சொன்னேன். அவன் நம்பாமல் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றான்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூருக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மையவாடியில் குழி தயாராகிவிட்டது. தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் காலில் சேற்றோடு வந்திருந்தார்கள். எல்லாரும் அவரிடம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் உட்கார்ந்தவர்கள். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, டீச்சரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ஆனால் வெறும் புகழுரை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் இல்லாமல் போனதற்கு நான் காரணம். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அப்போது தர்மபுரி தனி ஜில்லா ஆகி அதிக நாள் ஆகவில்லை. மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவில் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். மாணவர் விடுதியும் என் பொறுப்பு. ஜமீலா டீச்சர் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வந்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவரை இழந்து, அரூரில் தையல் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டில் இருந்தார். பதினோராம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள் நீதிபோதனை என்று ஒரு பாடவேளை உண்டு. அதை எடுக்க ஒருவருக்கும் மனசில்லை. கணக்கு வாத்தியார் தன் பாக்கிப் பாடத்தை முடிக்க அதைக் கடன் வாங்குவார், இல்லையென்றால் நான் பையன்களை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவேன். இரண்டு தையல் மெஷினில் ஒன்று கெட்டுப்போய் டீச்சருக்கு வேலை குறைந்ததும், தலைமையாசிரியர் அந்தப் பாடவேளையை அவர் தலையில் கட்டிவிட்டார்.

ஆசிரியர் அறையில் எங்களுக்கு நல்ல சிரிப்பு. மீசை முளைத்த பயல்களுக்கு மோட்சத்துக்கு வழி காட்டத் தையல் டீச்சரா என்று பேசினோம். அதிகமாகப் பேசியது நான்தான். டீச்சர் கோபப்படவில்லை. மிச்சம் விழுந்த துண்டுத் துணிகளை ஒட்டி ஒரு பை தைத்து, தையல் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். வகுப்பையும் அங்கேயே வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி எதுவோ அதை ஒரு சீட்டில் எழுதி, பேர் போடாமல் பையில் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒரு சீட்டை எடுத்துப் படிப்பார். பிள்ளைகள் பேச வேண்டும். ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது. இந்த வாரம் ஒரு பக்கம் பேசியவர் அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியது யார் என்று யாரும் தேடக் கூடாது. "தேடினா அடுத்த வாரம் பை காலியாத்தான் தொங்கும்" என்பார்.

முதல் மாதத்திலேயே பை நிறைந்துவிட்டது. நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். தீர்த்தமலையில் குளித்தால் பாவம் போய்விடும் என்றால் எங்கள் மாமா ஏன் வருஷாவருஷம் போகிறார் என்று ஒரு சீட்டு. இந்துக்களின் சொர்க்கமும் முஸ்லிம்களின் சொர்க்கமும் ஒரே இடமா, நடுவில் வேலி உண்டா என்று இன்னொன்று. என் தங்கை அம்மையில் செத்தாள், சாமி அப்போது எங்கே இருந்தது என்று பென்சிலில் எழுதிய ஒன்று. அதை நானே இரண்டு முறை படித்தேன். ஆனாலும் வெளியே, இதெல்லாம் வேலையற்ற வேலை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கு நிலம் கொடுத்த பெரியவர் ஒருவர் புகார் சொல்ல வந்தார். துலுக்க வீட்டுப் பெண் எங்கள் பிள்ளைகளுக்குச் சாமியைப் பற்றிச் சொல்லித் தருவதா என்று கேட்டார். தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. டீச்சர் அமைதியாக, "நான் ஒரு வார்த்தை சொல்றதில்லைங்க. பேசுறதெல்லாம் உங்க பிள்ளைங்கதான். வந்து உக்காந்து பாருங்க" என்றார். பெரியவர் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம், அந்தப் பையில் பெரியவர்களும் சீட்டுப் போடலாமா என்று டீச்சரிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்.

எல்லாம் இப்படிச் சுமுகமாகவே போனது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் சாமி உண்டா இல்லையா என்ற கேள்வியில், இல்லை என்று பேசியவனின் மண்டையைக் கட்டை டஸ்டரால் ஒருவன் உடைத்துவிட்டான். ரத்தம் சட்டைக் காலர் வரைக்கும் வழிந்தது. டீச்சர் காயத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டே, அடித்தவனைப் பார்த்துக் கேட்டாராம்: "அவன் சாமி இல்லைன்னு சொன்னதுக்கு அடிச்சியா, உனக்கும் அந்தச் சந்தேகம் வந்துடுச்சுன்னு அடிச்சியா?" அடுத்த வாரம் விதிப்படி அவன் எழுந்து நின்று சாமி இல்லை என்று பேச வேண்டியிருந்தது. பாதியில் அழுதுவிட்டான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது என் கட்சி. என்னிடம் விட்டிருந்தால் அவன் கையை வீங்க வைத்திருப்பேன்.

முனிராஜை உங்களில் பலருக்குத் தெரியும். விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்புப் படித்தான். அதிகம் பேச மாட்டான். அவன் அப்பாவுக்கும் பங்காளி மாதப்பனுக்கும் ஒரே கிணறு, ஆளுக்கு ஒரு நாள் முறை. முறை தப்பி ஏற்றம் பூட்டினான் என்று வாய்ச்சண்டை ஆரம்பித்து, மாதப்பன் முனிராஜின் அப்பாவைக் கடலைக் காட்டில் வைத்து வெட்டினான். கழுத்தில் ஒன்று, விழுந்த பிறகு முதுகில் நான்கு. பார்த்த சாட்சிகள் கோர்ட்டில் பார்க்கவில்லை என்றார்கள். மாதப்பன் ஊருக்குத் திரும்பி வந்து அதே கிணற்றில் தண்ணீர் இறைத்தான். முனிராஜின் ஆத்தா, புருஷன் சாகும்போது தோளில் கிடந்த துண்டைத் துவைக்காமல் ரத்தத்தோடு கூரை எறவாணத்தில் செருகி வைத்திருந்தாள். பையன் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் டீச்சர் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "அப்பனைக் கொன்றவனைக் கொன்றால் செத்துப்போன அப்பனுக்கு அது தெரியுமா?" என்று எழுதியிருந்தது. விடுதிப் பையன்களின் லீவு லெட்டர்களை வாரம் தவறாமல் படிக்கிறவன் நான். அந்தச் சாய்ந்த எழுத்து யாருடையது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. டீச்சரும் என் முகத்தைப் பார்த்தார். "படிச்சுட்டீங்க, சரி. அதோட விட்டுடுங்க மாஸ்டர்" என்றார். கொலை நடந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சத்தம் போட்டேன். "கேக்கறவன் இன்னும் முடிவு பண்ணலைங்க. முடிவு பண்ணவன் கேக்க மாட்டான். நாளைக்கு இதைத்தான் எடுக்கப் போறேன். ஒரு நாள் பொறுங்க" என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. சாயங்காலமே விடுதிக்குப் போய் முனிராஜின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். புத்தகங்களுக்கு அடியில் வேட்டியில் சுற்றிய கொடுவாள் இருந்தது. புதிதாகச் சாணை பிடித்தது. நான் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிட்டதில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலைப் பிரேயரில் அவனை மேடைக்கு இழுத்து வந்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லிப் புளியம் விளாறால் அடித்தேன். பதினைந்துக்கு மேல் நான் எண்ணவில்லை. ஒரு விளாறு முறிந்து இன்னொன்றை எடுத்தேன். முதுகில் தோல் கிழிந்து ரத்தம் இடுப்புவரை இறங்கியது. அவன் அழாதது எனக்கு இன்னும் வெறி ஏற்றியது. கொடுவாளைத் தூக்கிக் காட்டி, இவன் யாரை வெட்ட இதை வைத்திருக்கிறான் என்று உங்களுக்கே தெரியும், இவன் சங்கதி கேள்விப் பையில் சிரிக்கிறது என்று முழுப் பள்ளிக்கும் கேட்கும்படி கத்தினேன். எட்டாம் வகுப்பு வரிசையில் மாதப்பனின் கடைசி மகன் நின்றிருந்தான். அவன் அங்கே படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது என் நினைவில் இல்லை.

டீச்சர் வழக்கம்போல அரூர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. பையனின் முதுகைப் பார்த்தார், மேடை மேலிருந்த கொடுவாளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "யாரோட உயிரை?" என்று கேட்டுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் போட்டார். தலைமையாசிரியர் கொடுவாளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். போலீசுக்கு மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மாதப்பனின் மகன் காலை இடைவேளையிலேயே வீட்டுக்கு ஓடிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

கடைசிப் பாடவேளை மணி அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். நான் மைதானத்தில் இருந்தேன். தையல் அறைப் பக்கமிருந்து பெண்பிள்ளைகளின் அலறல் கேட்டது. கொடுவாளோடு மாதப்பன், அவன் மச்சான், தடியோடு ஒரு ஆள், மூன்று பேர் வந்திருந்தார்கள். முளையிலேயே கிள்ளிடணும் என்று மாதப்பன் கத்தியது எனக்கு மைதானத்திலேயே கேட்டது. விளையாட்டுச் சாமான் அறையில் கையில் அகப்பட்ட ஹாக்கி மட்டையோடு ஓடினேன்.

அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. டீச்சர் முனிராஜை மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கதவுக்குத் தோளால் முட்டுக்கொடுத்து, ஓரத்தை வலது கையால் பிடித்திருக்கிறார். மாதப்பன் அந்தக் கையைப் பார்த்துத்தான் வெட்டினான். தெரியாமல் பட்டது என்று பின்னால் கோர்ட்டில் சொன்னது பொய். நான் பத்தடி தூரத்தில் பார்த்துக்கொண்டே ஓடி வந்தேன். விரல்கள் வாசற்படியில் விழுந்தன. கதவு திறந்துகொண்டது. அப்போதும் அவர் வாசலை விட்டு நகரவில்லை.

என் முதல் அடி மாதப்பனின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கொடுவாள் கீழே விழுந்ததும் மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். அவன் விழுந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. முகத்தில் அடித்தேன், விலாவில் அடித்தேன், கையை மடக்கித் தடுத்தபோது கையில் அடித்தேன். கொன்றிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. டீச்சர் ரத்தம் சொட்டும் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மாஸ்டர், போதும். பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அப்போதுதான் நிமிர்ந்தேன். நாற்பது பிள்ளைகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதப்பனை அல்ல.

அதற்குள் முனிராஜ் கீழே கிடந்த கொடுவாளை எடுத்துவிட்டான். மாதப்பன் அவன் காலடியில் மல்லாந்து கிடந்தான். கை தூக்கக்கூட முடியாத நிலை. பையனின் முதுகில் காலையில் நான் போட்ட காயங்கள் சட்டையோடு ஒட்டியிருந்தன. எந்த யோக்கியதையில் நான் அவனிடம் வேண்டாம் என்று சொல்வேன்? டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் குரல் தினமும் வகுப்பில் பேசுகிற அதே குரல்தான். "முனிராஜ், கிளாஸ் இன்னும் முடியலை. உன் இடத்துல போய் உக்காரு."

அவன் அவரைப் பார்த்தான். கொடுவாளை மெஷின் மேல் வைத்தான். போய்த் தன் பலகையில் உட்கார்ந்தான். அவன் உட்காருகிறவரை கண் திறந்திருந்த டீச்சர் அப்புறம்தான் மயங்கி விழுந்தார்.

கடலை மூட்டை ஏற்ற வந்த லாரியில் அவரை அரூருக்கும் அங்கிருந்து தர்மபுரிக்கும் கொண்டுபோனோம். விரல்களைத் துணியில் சுற்றி நானே மடியில் வைத்திருந்தேன். ஒட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி பிடிக்கிற கை போய்விட்டது என்று அவர் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என்னை அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். காலில் விழுவதாக இருந்தேன். அவர் விடவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. "நீங்க கெட்டவர் இல்லைங்க மாஸ்டர். பிள்ளைங்க கேள்வி கேட்டா உங்களுக்குப் பயம் வருது, பயம் வந்தா கை ஓங்குது. அவ்வளவுதான்" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை கிளாஸுக்கு ஆள் இல்லை. நான் வர்ற வரைக்கும் நீங்க எடுங்க. பிரம்பு வேண்டாம்" என்றார். அதைவிடக் கடுமையான தண்டனையை அந்த ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யாரும் யோசித்திருக்க முடியாது.

முதல் வெள்ளிக்கிழமை பைக்குள் கையை விட்டேன். காலி. இரண்டாவது வாரமும் காலி. பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசற்படியில் எத்தனை முறை கழுவியும் கறை போகவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஐந்து வாரம் அப்படியே போனது. ஆறாவது வாரம் பையில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. பிரித்து, வழக்கப்படி உரக்கப் படித்தேன். "முனிராஜை டிரில் மாஸ்டர் அடித்தது பாவமா?"

எழுத்தைக் கவனித்துப் பார்த்தால் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். பார்க்கக் கூடாது என்று சீட்டை உடனே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் பேசினார்கள். பாவம் இல்லை என்று ஒரு பெண் பேசினாள், அடுத்த வாரம் அவளே பாவம் என்று பேசினாள். இரண்டாவது நாள் நன்றாகப் பேசினாள். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். முனிராஜ் இரண்டு வாரமும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து டீச்சர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு திரும்பி வந்தார். முதல் வேலையாக, அப்பனைக் கொன்றவனைப் பற்றிய அந்தப் பழைய சீட்டை எடுத்தார். செத்தவர்களுக்கு நாம் செய்வது தெரியுமா என்று மட்டும் மாற்றிப் படித்தார். அதற்கு முனிராஜ் எழுந்தான். ஒரு வாரம் தெரியும் என்று பேசினான். அடுத்த வாரம் தெரியாது என்று பேசினான். கடைசியில், "அப்பாவுக்குத் தெரியாதுங்க டீச்சர். எனக்குத்தான் தெனமும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அந்த லீவுக்கு வீட்டுக்குப் போனவன், எறவாணத்திலிருந்து துண்டை உருவி, ஆத்தாள் திட்டத் திட்ட அதே கிணற்றில் துவைத்துக் காயப்போட்டான். இதை அவனே பின்னால் என்னிடம் சொன்னான். இன்று அவனுக்கு மூன்று பிள்ளைகள். அடக்கத்தில் முதலில் மண் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

மாதப்பன் வழக்கில் டீச்சர் சாட்சி சொன்னார். இந்தப் பையன் கொலை செய்ய நினைத்துச் சீட்டு எழுதியது உண்மைதானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "எங்க சீட்டுல பேர் இருக்காதுங்க" என்றார் டீச்சர். எத்தனை விதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மாதப்பன் ஜெயிலுக்குப் போனான். கோர்ட் வாசலில் என்னைப் பார்த்தபோது டீச்சர், வெயிலில் நிற்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

அவருக்குப் பிறகு அந்தப் பள்ளியில் நீதிபோதனைப் பாடவேளை மறுபடியும் கணக்கு வாத்தியாருக்குப் போய்விட்டது என்று கேள்விப்படுகிறேன். நான் திருந்திவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். செய்தி வந்தபோது என் கை எப்படி இருந்தது என்று முதலிலேயே எழுதிவிட்டேன். டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, ஆறாவது வாரம் பையிலிருந்து எடுத்த அந்த ஒரு சீட்டுதான். பன்னிரண்டு வருஷமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். அன்று மடித்த பிறகு இதுவரை பிரித்து எழுத்தைப் பார்த்ததில்லை. அதை எழுதியவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். யாரென்று சொல்லிக்கொண்டு என்னிடம் வர வேண்டாம். ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது என்பது டீச்சர் வைத்த விதி. அவர் இருக்கும்வரை அதைக் காப்பாற்றினேன். இன்று ஒரே ஒரு முறை மீறுகிறேன்.

பாவம்தான்.